கிளமென்ட் சாரின் ஸ்காப் வாத்து

துவாக்குடிப் பக்கத்து ஏரிக்குத் திருச்சி மாவட்டமே இதுவரை பார்த்திராத வாத்து ஒன்று வந்திருக்கிறதாம். கண்டுபிடித்தவர் ஏதோ பெரிய விஞ்ஞானியாம். யாரோ சொல்லக் கேட்டு, பாலக்கரை பேக்கரிக்காரர் சொன்னார். அந்த விஞ்ஞானியான கிளமென்ட், ரஸ்க் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "அப்படிங்களா" என்று அடக்கமாகக் கேட்டுக்கொண்டார்.

கிளமென்ட் ஒரு கல்லூரி அலுவலகத்தில் ஹெட் கிளார்க். ஞாயிறுதோறும் முதல் பூசை முடிந்த கையோடு ஏரிக்குப் போய், மற்றவர்கள் பார்த்த பறவை அதுவல்ல என்று நிரூபிப்பது அவருடைய பதினோரு வருடத் தொண்டு. பறவை பார்ப்போர் வாட்ஸப் குழுவில் அவர் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. போன வருடம் பள்ளி ஆசிரியை ஜாஸ்லின், அபூர்வமான ஸ்காப் வாத்து என்று ஒரு படம் போட்டார்.

"அது சாதாரணக் குடுமி வாத்தும்மா. ரெண்டுலயும் பெட்டை ஒரே பழுப்பு, அலகடியில ஒரே வெள்ளை. ஸ்காப்புக்குக் குடுமி கிடையாது; இது முங்கி எழுந்தா குடுமி படிஞ்சு தெரியாது. காயுற வரைக்கும் காத்திருக்கணும்."

குழுவின் நூற்றெண்பது பேர் முன்னிலையில் கிளமென்ட் நடத்திய பாடம் அது.

சென்ற ஞாயிறு ஸ்காப் அவருக்கே தரிசனம் தந்தது. மாவட்டத்தின் முதல் பதிவு. வேறு யாராவது முந்திக்கொண்டால்? வாத்தின் தலை காயும்வரை காத்திருக்கவெல்லாம் அவருக்கு நேரமில்லை. படம் குழுவுக்குப் போயிற்று, அங்கிருந்து நிருபர் சிவசங்கருக்கு. நாளைக் காலைப் பேப்பரில் வாத்தும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் வருகிறார்கள்.

இன்று சாயங்காலம் ஜாஸ்லின் அவரை ஏரிக்கரைக்கு வரவழைத்திருந்தார்.

"அஞ்சு நிமிஷம் பாருங்க சார்."

அதே வாத்து முங்காமல் இறகைக் கோதிக்கொண்டிருந்தது. வெயில் பட்டுப் பட்டு, பின்னந்தலையில் ஒரு கற்றை நிதானமாக எழுந்து தொங்கியது.

"காத்துல தூக்குதும்மா."

"காத்து எங்க சார் அடிக்குது?"

கிளமென்டின் போன் அடித்தது. சிவசங்கர். அச்சுக்குப் போகுமுன் கடைசியாக ஒரு தடவை கேட்டுக்கொள்வதாக மதியமே சொல்லியிருந்தார்.

"எடுங்க சார். குடுமி வாத்துன்னு சொல்லிருங்க. குரூப்புல நான் ஒண்ணும் போடமாட்டேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கிளமென்ட் பைனாகுலரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாத்து தலைகீழாக முங்கியது. சற்றுத் தள்ளி, வழுவழுவென்ற தலையோடு எழுந்தது.

"இப்பப் பாரும்மா," என்றார்.

ஜாஸ்லின் அவருடைய போனைப் பார்த்தார். அது அடித்துக்கொண்டே இருந்தது.