ஜெபகனியின் பதினேழாவது லேஞ்சி

மேலப்பாளையத்து ஜுபைதா பீவி வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வருவாள். பங்குனியில் ஒரு தடவை, கார்த்திகையில் ஒரு தடவை. பாளையங்கால்வாய்க் கரையில் அவள் தலைமூட்டை தெரிந்ததுமே, பொழுது சாய்ந்துவிட்டதென்று நினைத்துக் காக்கைகளெல்லாம் பனைமரத்துக்குத் திரும்பிவிடும். அவ்வளவு பெரிய மூட்டை. இரட்சணியபுரத்தில் இதை நம்பாதவர்கள் அந்தக் காலத்தில் யாரும் இல்லை.

மூட்டையின் மேலே கிடந்ததெல்லாம் ஊருக்கு: கண்டாங்கி, மல்லுத்துணி, பிள்ளைகளுக்குச் சீட்டிப் பாவாடை. அடியில், பனையோலைப் பெட்டிக்குள் இருந்தது மட்டும் ஒரே ஒருத்திக்கு. அது உபதேசியார் அப்பாத்துரையின் மனைவி ஜெபகனிக்கு. ஜுபைதாவின் தம்பி கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றான். சீனத்துக் கப்பல், பர்மாக் கப்பல், சீமைக் கப்பல் எது வந்தாலும் அதிலிருந்து ஒரு பட்டு லேஞ்சியை ஒதுக்கி வைத்து அக்காளுக்கு அனுப்புவான். தலையில் போட்டால் தோள்வரைக்கும் விழும் சதுரப் பட்டு.

“இதைப் பாரு தங்கச்சி. சீனத்து ராசாத்தி ஒரே ஒரு தடவை மூக்குச் சிந்தினது.”

“கழுவித்தாம்லாக்கா குடுத்தாவ?”

“கழுவினா மகிமை போயிரும்லா!”

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். உபதேசியார் வீட்டில் சத்தம் போட்டுச் சிரிப்பது வழக்கமில்லை.

ஜெபகனி பாளையங்கோட்டையில் மிஷன் போர்டிங்கில் படித்தவள். அங்கே வேதபாடத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார்கள். வேதபாடம் பாதி மறந்துவிட்டது. லேஸ் மறக்கவில்லை. வீட்டு வேலை முடிந்த மத்தியானங்களில் கழுத்துப்பட்டை பின்னுவாள். அதை ஜுபைதா தூத்துக்குடிக்குக் கொண்டுபோய்த் துரைசானிகளிடம் விற்றுக்கொள்வாள். இரண்டு கழுத்துப்பட்டைக்கு ஒரு லேஞ்சி. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் பதினாறு சேர்ந்திருந்தது.

ஒன்றைக்கூட அவள் தலையில் போட்டதில்லை. உபதேசியார் மனைவி வெள்ளை நூல்சேலையில்தான் கோவிலுக்கு வர வேண்டும். அப்பாத்துரை நாலு ஞாயிற்றுக்கு ஒரு தடவை பகட்டுக்கு எதிராகப் பிரசங்கம் செய்வார். அதைச் செய்கிறவருடைய தலைப்பாகை ஒன்பது முழம். கஞ்சிபோட்டு, வெயிலில் விறைக்கவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தால், ஜெபகனி ஒரு படி அரிசி களைந்து உலையில் போட்டுச் சோறும் வடித்துவிடுவாள். அவர் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பார். தலைப்பாகை இடிக்காமலிருக்கக் கோவில் வாசலில் குனிந்துதான் நுழைவார். சனங்கள் அதைத் தாழ்மை என்று நினைத்தார்கள்.

ஜெபகனி லேஞ்சிகளை வைத்திருந்த இடம் தகரப்பெட்டி. அதற்குமேல் அவருடைய பழைய பிரசங்கக் கட்டுகளை அடுக்கியிருந்தாள். பேசி முடித்த பிரசங்கத்தை எந்த உபதேசியாரும் திரும்ப எடுத்துப் பார்க்கமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். புதன்கிழமை அவர் வீட்டு ஜெபங்களுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகக் கட்டிலில் விரிப்பாள். ஒவ்வொன்றுக்கும் பெயருண்டு. மாதுளை, மழைமேகம், கிளிக்கழுத்து, ரங்கூன்காரி. கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வந்த மடிப்பிலேயே மடித்து வைத்துவிடுவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பங்குனியில் வந்தது பதினேழாவது. சீனத்து வெள்ளை. நேரே பார்த்தால் வெறும் வெள்ளைத்துணி. பைய சாய்த்துப் பிடித்தால்தான் வெள்ளைமேல் வெள்ளையாகப் பூவேலை தெரியும். இலையும் கொடியும், நடுவில் வாலை விரித்த ஒரு பறவை.

“மோதிரத்துக்குள்ள நுழையும். காதுக் கம்மல் துவாரத்துக்குள்ளயும் நுழையும்” என்றாள் ஜுபைதா.

ஜெபகனி சிரிக்கவில்லை. மடியில் வைத்து இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தபடியே இருந்தாள்.

“பீவியக்கா, இதை நான் போடப்போறேன்.”

“எங்கன?”

“கோவில்லதான். ஆவணியில ஸ்தோத்திரப் பண்டிகைக்கு. அவிய நேராப் பாக்கிற மனுஷன். நேராப் பாத்தா வெள்ளைதானே தெரியும்? பூவு எனக்குத் தெரிஞ்சாப் போதும்.”

அந்த ஒரு நாளுக்காக அவள் ஐந்து மாதம் காத்திருந்தாள். புதன்கிழமைகளில் மற்ற பதினாறையும் விரிப்பதுகூட நின்றுபோனது. வெள்ளையை மட்டும் எடுத்து, தலையில் போடாமல், தலைக்குமேல் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். முதல் தடவை தலையில் விழுவது கோவிலில்தான் என்று வைராக்கியம்.

ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் கூட்டம் கூடிக் கலைந்தது. பத்து நாளில் ஆற்றோடு வாந்திபேதி இறங்கி வந்தது. இரட்சணியபுரத்தில் முதலில் போனவன் வண்டிக்கார எலியேசர். சவத்தைத் தூக்க நாலு பேர் வரவில்லை. அப்பாத்துரைதான் தலைமாட்டைப் பிடித்தார்.

அந்த ஊர்க் கிறிஸ்தவர்களிடம் ஒரு முறை இருந்தது. பெட்டியை மூடுவதற்கு முன்னால் முகத்தின்மேல் ஒரு வெள்ளைத்துணி போட வேண்டும். வீட்டு ஆள் கையால் போட வேண்டும். முகத்தை மூடாமல் மண் தள்ளுவது நாயைப் புதைக்கிற மாதிரி. எலியேசர் வீட்டில் இருந்த துணியெல்லாம் வாந்தியில் நாசமாகியிருந்தது. அப்பாத்துரை தன் தலைப்பாகை நுனியில் ஒரு முழம் கிழித்து எலியேசர் மகனிடம் நீட்டினார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு சாவுக்கும் ஒவ்வொரு முழம் போயிற்று. நோய் எத்தனை பேரைக் கொண்டுபோயிற்று என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. உபதேசியார் தெருவில் வரும்போது தலையைப் பார்த்தால் போதும். முதலில் பானை மாதிரி இருந்தது, செம்பு மாதிரி ஆயிற்று, பிறகு கிண்ணம் மாதிரி. ஒன்பதாவது ஆளைப் புதைத்துவிட்டு வந்தபோது வெறுந்தலை. நடுவில் வழுக்கை இருந்தது ஊருக்கே அன்றைக்குத்தான் தெரியும். இப்போது வாசலில் அவர் குனியவில்லை, குனிய அவசியமும் இருக்கவில்லை.

பத்தாவது, சாரம்மாளின் மகள் யூனிஸ். ஆறு வயசு.

மத்தியானம் மூன்று மணிக்கு அப்பாத்துரை வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

“ஏட்டி ஜெபகனி, வீட்டுல வெள்ளைத்துணி எதாவது கெடக்கா?”

“உங்க வேட்டி?”

“இருந்த ரெண்டையும் அந்தோணி வீட்டுக்கும் குருசு வீட்டுக்கும் சவத்தைச் சுத்தக் குடுத்தாச்சு. இடுப்புல இருக்கது ஒண்ணுதான். உன் சேலை?”

“ரெண்டும் நோயாளிக்கு விரிச்சாச்சு. இது உடுத்திருக்கது.”

“வேற?”

தகரப்பெட்டி அவளுக்குப் பின்னால், கட்டிலடியில் இருந்தது. நாலடி தூரம் இருக்கும். ஸ்தோத்திரப் பண்டிகைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அவள் சுவரைப் பார்த்தாள்.

“வேற இல்ல” என்றாள்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் பார்த்தார். நாலு வருஷத்துத் துண்டு, கோணிச்சாக்கு மாதிரித் தடித்துப் பழுப்பேறியது. அதைச் சுத்தமான பக்கம் வெளியே தெரியும்படி மடித்து எடுத்துக்கொண்டு போனார். சாரம்மாள் அதைத்தான் மகள் முகத்தில் போட்டாள்.

மறுநாள் காலையில் அப்பாத்துரைக்கு நோய் கண்டது. சாயங்காலத்துக்குள் கண் உள்ளே போய், விரல்நுனி நீலமாகி, குரல் கிணற்றுக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி வந்தது. ஜெபகனி கஞ்சித்தண்ணீரைச் சங்கில் புகட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு வாய்கூட நிற்கவில்லை. விடியும்போது, “மணி அடிச்சாச்சா?” என்று கேட்டார். கோவில் மணியைத்தான். அடிக்கிறவன் செத்து ஆறு நாளாகியிருந்தது.

“அடிச்சாச்சு” என்றாள். அவரிடம் அவள் சொன்ன இரண்டாவது பொய். அதோடு அவர் போய்விட்டார்.

பாளையங்கோட்டையிலிருந்து குருவானவர் வண்டியில் வந்தார். மிஞ்சியிருந்த சனங்கள் முற்றத்தில் கூடினார்கள். இத்தனை பேர் முகத்தை மூடினவருக்குப் போட ஊரில் ஒரு சாண் வெள்ளைத்துணி இல்லை. குருவானவர் தன் சட்டைப்பையைத் துழாவினார். மூக்குப்பொடிக் கறையோடு ஒரு கைக்குட்டைதான் வந்தது.

“பரவாயில்ல, ஐயா. அப்படியே மூடிருவோம். ஆண்டவர் கோவிக்கமாட்டாரு” என்றான் ஒருவன்.

ஜெபகனி எழுந்தாள். உள்ளே போய்த் தகரப்பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். தனியாக ஒன்றை உருவி எடுத்து வந்திருக்கலாம். கை அப்படிச் செய்யவில்லை. எல்லார் முன்னாலும் மூடியைத் திறந்தாள். பிரசங்கக் கட்டுகளை எடுத்து மண்ணில் வைத்தாள். மாதுளையும் மழைமேகமும் கிளிக்கழுத்தும் ரங்கூன்காரியும் வெயிலில் வெளியே வந்தன. அந்த முற்றத்தில் பத்து நாளாக யாரும் வெள்ளை தவிர வேறு நிறத்தைப் பார்த்திருக்கவில்லை. அடியிலிருந்து வெள்ளையை எடுத்தாள்.

சாரம்மாள் முன்வரிசையில் நின்றாள். மகளைப் புதைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

“முந்தாநாளு வெள்ளைத்துணி இல்லேன்னியாமே” என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

ஜெபகனி லேஞ்சியை விரித்தாள். ஒரு நுனி நழுவிற்று. சாரம்மாள் குனிந்து அந்த நுனியைப் பிடித்தாள். இரண்டு பேருமாக அப்பாத்துரையின் முகத்தில் போட்டார்கள். சுருக்கமில்லாமல் இருக்கச் சாரம்மாள்தான் நீவிவிட்டாள். பட்டு அவர் மூக்கிலும் கன்னக்குழியிலும் படிந்து, பறவை நெற்றியில் வந்து உட்கார்ந்தது. வெயில் சாய்வாக விழுந்ததால் பூவேலை முழுக்க எல்லாருக்கும் தெரிந்தது.

மறுநாள் சுகாதாரச் சேவகர்கள் வந்தார்கள். நோய் வந்த வீட்டுத் துணிகளை எல்லாம் முற்றத்தில் போட்டு எரிப்பது உத்தரவு. பாயும் தலையணையும் தகரப்பெட்டியில் இருந்ததும் சேர்ந்து போயின. பிரசங்கங்கள் நன்றாகக் கொழுந்துவிட்டு எரிந்தன. பட்டு எரியவில்லை, சுருண்டு கருகிற்று. தலைமயிர் பொசுங்குகிற நாற்றம் அடித்தது. பதினேழில் நெருப்புக்குத் தப்பியது மண்ணுக்கடியில் இருந்த ஒன்றுதான்.

அந்த வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகை நடக்கவில்லை.

கார்த்திகையில் ஜுபைதா வந்தாள். மேலப்பாளையத்திலும் நோய் வந்துபோயிருந்தது. மூட்டை பாதியாகியிருந்தது. காக்கைகள் மரத்துக்குத் திரும்பவில்லை. அவளுக்கு எல்லாம் வழியிலேயே சொல்லியிருந்தார்கள். ஜெபகனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெகுநேரம் அவள் முழங்காலைத் தடவிக்கொடுத்தாள். பிறகு பனையோலைப் பெட்டியைத் திறந்தாள்.

“அதே மாதிரி ஒண்ணு வந்திருக்கு தங்கச்சி. கழுத்துப்பட்டை வேண்டாம். சும்மா வச்சுக்கோ. இனி நீ வெள்ளை போட்டா உன்னை யாரு கேக்கப்போறா?”

உண்மைதான். கைம்பெண் வெள்ளைப் பட்டு போட்டு வந்தால் எதிர்த்துப் பிரசங்கம் செய்ய ஆளில்லை. ஜெபகனி அதை வாங்கினாள். அந்த வீட்டில், அன்றைக்குத்தான், முதல் தடவையாக ஒரு லேஞ்சியைத் தலையில் போட்டாள். குளிர்ச்சியாக இருந்தது. கனமே இல்லை. நிற்காமல் வழுக்கி முன்னால் சரிந்து முகத்தில் விழுந்தது. அவள் விலக்கவில்லை. அப்படியே அண்ணாந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சுக்குப் பட்டு உள்ளே போயிற்று, வெளியே வந்தது.

“அல்லாவே! முகத்துல போடாதே, எடு!” என்று ஜுபைதா கையை நீட்டினாள்.

ஜெபகனி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வெளிச்சம் வருதுக்கா” என்றாள் பட்டுக்குள்ளிருந்து. “நல்லா வருது. உன் முகம்கூடத் தெரியுது.”

“அதான் சொன்னேம்லா, அவ்வளவு மெல்லிசு.”

தெருவில் சாரம்மாள் குடத்தோடு வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் இந்த வாசலைக் கடக்கும்போது அவள் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போவாள்.

“தடிச்ச துண்டா இருந்தா, வெளிச்சம் வருமாக்கா?” என்று கேட்டாள் ஜெபகனி.

ஜுபைதா எத்தனையோ ஊர்க் கதை தெரிந்தவள். சீனத்து ராசாத்தியிலிருந்து கண்டிராசா வரைக்கும் எதற்கும் அவளிடம் ஒரு பதில் இருக்கும். அன்றைக்கு அவள் பனையோலைப் பெட்டியை மூடினாள், மூட்டையைக் கட்டினாள், அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.