அடுப்புக்கு மேல் தொங்கிய விதை

எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்றுதான் இதுவரை கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன். பொய். தெரிந்தேதான் செய்தேன். கல்வராயன் மலையில் ஒருத்தி அந்த வருஷ விதைப்புக்கென்று வைத்திருந்த சாமையைக் குப்பை என்று சொல்லி எரிக்கக் கொடுத்தவள் நான்தான். கையெழுத்துப் போட்டுத் தருவதைப்போல இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் போகப்போக எனக்குச் சாதகமாக எதையாவது சேர்த்துவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

கள்ளக்குறிச்சியில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பெண் அலங்காரம்தான் பிழைப்பு. ஒரு நாள் சென்னையிலிருந்து டிவிக்காரர்கள் பேசினார்கள். கஷ்டப்படுகிற குடும்பத்தின் வீட்டை ஐந்தே நாளில் புது வீடாக்கிக் காட்டுகிற நிகழ்ச்சி. கரியாலூருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அந்த வீட்டுப் பெண்ணுக்கு மேக்கப் போட உள்ளூரில் ஆள் வேண்டும், கூட இருந்து சின்னச் சின்ன வேலைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். சரி என்று சொல்லி போனை வைத்ததிலிருந்து என் கால் தரையில் படவில்லை. பார்லருக்கு வந்தவர்கள், வராதவர்கள், எதிர்க்கடை டெய்லர் என்று ஒருத்தரையும் விடாமல் சொல்லித் தீர்த்தேன்.

சித்திரை மாதம். மலைமேல் போய் இறங்கியதும் அந்த நிகழ்ச்சியின் டைரக்டரம்மா, என்னைவிடப் பத்து வயது சின்னவள், "அக்கா, உங்களுக்கு சொந்த ஊரே கள்ளக்குறிச்சிதானா?" என்று கேட்டாள். "ஆமாம் மேடம், பொறந்தது வளந்தது எல்லாம் டவுன்தான்" என்றேன். வாய் கூசவேயில்லை. நான் பிறந்தது நைனார்பாளையம் பக்கத்தில், கூலி வேலைக்குப் போகிற வீட்டில். அம்மாவோடு நானும் களை வெட்டப் போயிருக்கிறேன். அதை மறைப்பது எனக்குப் பழகிப்போன வேலை. முகத்துக்கு கிரீம் பூசுகிற மாதிரிதான், தினம் பூசிப் பூசி அதுவே தோலாகிவிட்டது.

மண்சுவர் வீடு. புல் வேய்ந்த கூரை. அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் கேரளாவில் எஸ்டேட் வேலைக்குப் போகிறவன், படப்பிடிப்புக்காக வந்திருந்தான். வீட்டுக்குப் பின்னால் சரிவில் அவர்களுக்குக் கொஞ்சம் நிலம். வானம் பார்த்த பூமி. மழை விழுந்தால் ஆனியில் சாமை விதைப்பார்கள். அவன் அனுப்புவது ஒரு பக்கம் இருந்தாலும் வருஷம் முழுக்க வயிற்றுக்கு அந்தச் சாமைதான்.

வேலை முடிகிறவரை குடும்பம் வீட்டைப் பார்க்கக் கூடாது என்பது நிகழ்ச்சியின் சட்டம். அவர்களைக் கீழே கள்ளக்குறிச்சியில் ஒரு லாட்ஜில் தங்கவைக்க வேன் வந்து நின்றது. ஏறப்போனவள் திரும்பி என்னிடம் வந்தாள்.

"அக்கா, மத்ததெல்லாம் ஆம்பளைங்க இன்னாவோ பண்ணிக்கட்டும். அடுப்பங்கரைய மட்டும் நீங்க இருந்து பாத்துக்குங்க."

"நான் பாத்துக்கறேம்மா, நீ கவலப்படாம போய்ட்டு வா" என்றேன்.

விதை இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. அதைப் போய் யாராவது சொல்வார்களா? அடுப்பங்கரையைப் பார்த்துக்கொள் என்று ஒரு பெண்ணிடம் சொன்னால் போதும், மேலே தொங்குவது இன்னது என்று அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருப்பாள்.

அடுப்புக்கு நேர் மேலே, புகை போய் முட்டுகிற இடத்தில் ஒரு மூங்கில் கழி குறுக்காகக் கட்டியிருந்தது. அதில் மூன்று சுரைக்குடுக்கையும் ஒரு பெரிய துணி மூட்டையும் தொங்கின. எல்லாம் கரி பிடித்து, தொட்டால் கை கறுக்கும். உள்ளே நுழைந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்களுக்கென்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனாலும் கூரைமேல் படரவிட அவரை விதையும் பூசணி விதையும் அம்மா இப்படித்தான் கட்டித் தொங்கவிடுவாள். புகை பட்டால் பூச்சி அண்டாது. வீட்டில் ஒரு மணி அரிசி இல்லாத நாளிலும் அந்த மூட்டையில் கை வைத்தால் அம்மா தோலை உரித்துவிடுவாள்.

டைரக்டரம்மா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"ஐயோ அக்கா, என்ன இது? ஏதோ செத்துப்போய்த் தொங்கற மாதிரி இருக்கு."

அந்த ஒரு நொடி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 'விதைங்க மேடம், எடுத்துப் பத்திரமா வச்சிடலாம்' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொன்னால், 'உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?' என்று கேட்பாள். அதற்குப் பயந்தேன். அவ்வளவுதான், வேறு ஒரு காரணமும் இல்லை. யாரும் என்னை மிரட்டவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. இரண்டு நாளாக 'டவுன் அக்கா' என்று கூப்பிட்டுத் தங்கள் கூட உட்காரவைத்துச் சாப்பாடு போட்டவர்கள் முன்னால் குடிசையில் வளர்ந்தவளாகத் தெரிய எனக்கு மனசில்லை.

"எனக்கும் தெரியல மேடம். பழைய குப்பையா இருக்கும். எடுத்துப் போட்டுடலாம்."

வேலையாள் ஒருவர் கழியோடு அறுத்துக் கொண்டுபோனார். பிரித்துப் போட்ட பழைய கூரைப் புல்லைப் பின்பக்கம் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். அதில் போய் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் படபடவென்று சத்தம் வந்தது. சாமை பொரிகிற வாசனை வீட்டைச் சுற்றி வந்தது. "என்னக்கா, பாப்கார்ன் வாசனை அடிக்குது" என்று டைரக்டரம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். ஓடிப்போய் ஒரு குடுக்கையையாவது இழுத்துப் போட்டிருக்கலாம். கட்டியிருந்த புடவை நல்ல புடவை. அதையும் யோசித்தேன் என்று எழுதும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஐந்து நாளில் வீடு மாறியது என்னவோ உண்மை. மேலே தகரம், அதற்குக் கீழே வெள்ளை வெளேரென்று பால்ஸ் சீலிங். மண்சுவர்மேல் பூப்போட்ட ஸ்டிக்கர். கூடத்தில் சோபா. விறகடுப்பை இடித்துவிட்டு மேடை கட்டி, கேஸ் அடுப்பு வைத்து, அதற்கு மேல் புகைபோக்கி மிஷின் மாட்டினார்கள். கேமராவில் பார்த்தால் யாருக்கும் பொறாமையாகத்தான் இருக்கும்.

குடும்பத்தை அழைத்து வந்தார்கள். நான்தான் அவளுக்குப் பவுடர் போட்டு, பூ வைத்து, கண்ணைத் துணியால் கட்டிவிட்டேன். என் பையில் கிளிசரின் பாட்டில் தயாராக இருந்தது. அழுகை வராவிட்டால் கண்ணுக்குக் கீழே தடவிவிடச் சொல்லியிருந்தார்கள்.

கூடத்தில் கண்கட்டை அவிழ்த்தார்கள். அவள் பார்த்தாள். எல்லாரையும் பார்த்துக் கைகூப்பினாள். சோபாவை ஒரு விரலால் தொட்டாள். அழவில்லை. டைரக்டரம்மா என் பக்கம் திரும்பி, பாட்டிலை எடு என்று சைகை காட்டினாள். அதற்குள் அவர்களை அடுப்பங்கரைக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

அங்கே அவள் மேடையைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்க்கவில்லை. நேரே மேலே பார்த்தாள். வெள்ளைச் சீலிங். சுற்றிச் சுற்றி அண்ணாந்து பார்த்தாள். பிறகு கேமராக்களைத் தாண்டி என்னைத் தேடிப் பார்த்தாள். நான் பிரஷ்ஷைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் கண்ணீர் தாரை தாரையாக ஓடிக்கொண்டிருந்தது. புருஷன், "இன்னா, இன்னாடி?" என்றான். "ஒன்னும் இல்ல" என்றாள். தொகுப்பாளர் மைக்கை நீட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"நல்லா இருக்குங்க. ரொம்ப நல்லா இருக்குங்க."

டைரக்டரம்மா என் தோளை அழுத்தி, "பாத்தீங்களாக்கா, கிளிசரினே தேவைப்படல" என்றாள்.

நான் செய்ததில் இதற்கடுத்து வருவதுதான் கேவலம். படப்பிடிப்பு முடிந்து, வெளியே ஒரு நாற்காலியில் அவளை உட்காரவைத்து மேக்கப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாடகைக்கு எடுத்த சோபாவை இரண்டு பேர் தூக்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, மேல தொங்கிக்கினு இருந்திச்சே, அத எங்க வச்சிருக்கீங்க?"

"அதுவா? குப்பையோட குப்பையா எரிச்சிட்டாங்க போலம்மா. ஏன், அது இன்னா?"

இன்னா என்று கேட்டேன். நானே.

அவள் எனக்குப் பொறுமையாக விளக்கினாள். குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. அது விதைச் சாமை, புகையில் வைத்தால்தான் கெடாமல் இருக்கும், முளைப்பு நன்றாக வரும், கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒவ்வொரு அறுப்பிலும் நல்ல கதிராகப் பொறுக்கி எடுத்து வைப்பது, ஆனியில் விதைக்க அதை விட்டால் வேறு இல்லை. நான் "அப்படியா", "அடடா", "எனக்குத் தெரியாமப் போச்சே" என்று சரியான இடங்களில் சொல்லிக்கொண்டே பஞ்சால் அவள் கன்னத்தைத் துடைத்தேன். அவள் அழவில்லை. "பரவால்லக்கா, உடுங்க" என்றாள்.

நிகழ்ச்சி ஒளிபரப்பானது. விளம்பரத்தில் அவள் அழுகிற முகத்தைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஆனந்தக் கண்ணீராம். பார்லருக்கு வந்தவர்கள் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். "மேக்கப்னே தெரியலக்கா, அழுதாக்கூட கலையல" என்று ஒருத்தி சொன்னாள். நான் மறுக்கவில்லை. அந்தப் படத்தைப் பிரேம் போட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டவும் செய்தேன்.

மனசு உறுத்தாமல் இல்லை. வைகாசியில் ஒரு நாள் விதைச் சாமை கிடைக்குமா என்று கீழே கடைகளில் கேட்டேன். குத்தின அரிசிதான் இருந்தது. அதை விதைக்க முடியாது. வேளாண்மை ஆபீசில் கேளுங்கள் என்றார்கள். முகூர்த்த மாசம், வேலை ஜாஸ்தி, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். வைகாசி போய் ஆனி வந்தது. மலையில் மழை என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டார்கள். ஆனியும் போனது.

ஆவணியில்தான் மறுபடி மேலே போனேன். அதுவும் அவளுக்காக இல்லை, கரியாலூரில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம். திரும்பும்போது ஆட்டோ அவள் வீட்டு வழியாகவே வந்தது. தலையைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, "அக்கா" என்று கையை ஆட்டினாள். இறங்காமல் எப்படிப் போவது?

வீட்டுக்கு வெளியே நீலத் தார்ப்பாய் கட்டி அதன் கீழ் மூன்று கல் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தாள். சிலிண்டர் தீர்ந்ததும் மாற்றவில்லையாம். உள்ளே விறகு வைத்தால் ஸ்டிக்கர் கறுத்துவிடும் என்று பயம். ஆனால் ஸ்டிக்கர் ஏற்கெனவே மழை ஈரத்தில் தோல் தோலாக உரிந்து தொங்கியது. சீலிங் ஒரு மூலையில் ஊறித் தொப்பை போட்டிருந்தது. அதற்கு மேலே தடதடவென்று எலிகள் ஓடின. "பழைய வூட்ல இவ்ளோ எலி கெடையாதுக்கா, புகைக்கு ஓடிப்போயிடும்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, பேச்சுவாக்கில் சொன்னாள்.

சரிவைப் பார்த்தேன். பாதிக்கு மேல் வெறும் நிலம். மீதியில் சாமை முழங்கால் உயரம் நின்றது. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

"வெத கெடச்சிடுச்சா?"

"எங்க ஓரகத்திகிட்ட வாங்கினன்க்கா."

புருஷனுடைய அண்ணன் மனைவி. வரப்புத் தகராறில் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாதாம். அவள் வீட்டு வாசலில் போய் இவள் முறத்தோடு நின்றிருக்கிறாள். டிவியில் வந்த வீட்டுக்காரிக்கு விதைக்கு வழியில்லையா என்று தெருவே கேட்கும்படி கேட்டுவிட்டுத்தான் அவள் இரண்டு படி போட்டிருக்கிறாள்.

"வெத எங்க போச்சின்னு கேட்டா. எலி தின்னுடிச்சின்னு சொல்லிட்டன்."

விதையை எலிக்குக் கொடுத்தவள் என்றால் எந்த ஊரிலும் அவளைக் குடும்பம் நடத்தத் துப்பில்லாதவள் என்றுதான் சொல்வார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காப்பாற்றிய பெயர் போயிருக்கும்.

"ஏம்மா அப்படிச் சொன்ன? எரிச்சிட்டாங்கன்னு சொல்ல வேண்டியதுதானே."

"வூடு கட்டிக் குடுத்தவங்கள எப்பிடிக்கா கொற சொல்றது?" தண்ணீர் மொண்டு சொம்பை என்னிடம் நீட்டினாள். "அவங்கதான் வெளியூரு. நீங்களும் டவுன்ல பொறந்தவங்க, ஒங்களுக்கு இன்னா தெரியும் பாவம். தெரிஞ்சிருந்தா எடுத்து வச்சிருக்க மாட்டீங்களா?"

சொம்பை வாங்கிக்கொண்டேன். அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு அவள் என் பதிலுக்காக நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமாம்மா" என்றேன். "கண்டிப்பா எடுத்து வச்சிருப்பேன்."