புரியாமல் ஆட்டிய தலை

எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பதினேழு வயதில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை முடித்தவன் நான், ஈப்போ பக்கம் பள்ளி வேன் ஓட்டுகிறேன். கோயில் கூட்டத்தில் மைக் என் பக்கம் வந்தால்கூட பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுவேன். ஆங்கிலம் பேசத் தெரியாதவன் ஆங்கிலம் பேசுவதைப் பற்றி எழுதலாமா என்று யாராவது கேட்டால் நியாயம்தான். ஆனால் மகளோடு நான்கு நாள் பட்ட எரிச்சல் இன்னும் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகள் இங்கிலாந்தில் வடக்கே ஒரு ஊரில் மேற்படிப்புப் படிக்கிறாள். ஆற்றுத் தண்ணீரைச் சுத்தப்படுத்துவது பற்றிய படிப்பு. போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. அவளுக்கு ஆங்கிலம் ஒரு தொல்லையாகும் என்று நானோ என் மனைவியோ நினைத்ததே இல்லை, ஏனென்றால் எங்கள் வீட்டின் ஆங்கிலமே அவள்தான். மலாய் எனக்குத் தடையில்லாமல் வரும், எந்த அரசாங்க ஆபீஸிலும் நானே பேசிக்கொள்வேன். ஆனால் ஈப்போ ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து மகளை முன்னால் தள்ளுவேன். பத்து வயதிலிருந்தே அப்படித்தான். என் முதுகுவலி எரிகிறதா, குத்துகிறதா என்று டாக்டருக்கு விளக்கியது அவள். இன்சூரன்ஸ்காரரிடம் வாதாடியதும் அவள்தான். இந்தப் பிள்ளை எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போன் வந்தது.

"அப்பா, நான் வந்துடுறேன்ப்பா. என்னால முடியல."

வகுப்பில் எல்லோர் முன்னாலும் நின்று அவள் செய்த ஆராய்ச்சியைப் பற்றிப் பேச வேண்டுமாம். ஐந்து நிமிடம் பேசியதும் பேராசிரியர் நிறுத்தி ஏதோ கேட்டிருக்கிறார். அந்த ஊர்ப் பேச்சு இவளுக்குப் பிடிபடவில்லை. சிரித்துக்கொண்டு "யெஸ்" என்றிருக்கிறாள். அவர் மறுபடி கேட்டிருக்கிறார். மறுபடியும் "யெஸ்". அவர் கேட்டது, இந்தத் தலைப்பை யார் உனக்குக் கொடுத்தது என்று. போன மாதம் அவர் வேறு தலைப்பைச் சொல்லியிருந்தார். அன்றைக்கும் இவள் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

"யாரும் சிரிக்கலப்பா. அதான் ரொம்ப அசிங்கமா இருந்துச்சு."

வியாழக்கிழமை இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்கள். அதிலும் தவறினால் அந்தப் பாடம் போய்விடும், பாடம் போனால் வருடமே போய்விடும். அதற்குள் நானாகவே திரும்பி வந்துவிடுகிறேன் என்றாள்.

"நீ பேசாத பேச்சா? எத்தனை டாக்டர்கிட்ட பேசியிருப்ப!"

"அது நீங்க சொன்னத நான் சொன்னேன். இங்க நான் என்ன நினைக்கிறேன்னுல்ல கேக்குறாங்க."

வியாழன் வரைக்கும் இருந்து பார் என்று கெஞ்சினேன். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். வியாழன் வரைக்கும் தினமும் எனக்கு முன்னால் பேசிப் பழகுவாள், நான் ஆங்கிலத்தில் கேள்வி கேட்க வேண்டும்.

"நானா? வேற ஆளே கெடைக்கலியா?"

"வேற யாரு முன்னால நான் கூச்சப்படாம திக்குறது?"

திங்கட்கிழமை, மாமாக் கடை என்று நாங்கள் சொல்லும் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் தின்றபடி, என்னோடு வேன் ஓட்டும் மூத்த நண்பரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சின்ன வயதில் ஹோட்டலில் வேலை செய்தவர், ஓரளவுக்கு ஆங்கிலம் பேசுவார்.

"மகளை லண்டனுக்கு அனுப்பிட்டு இங்க ரொட்டி சானாய் முன்னால அழுதுகிட்டு இருக்கியே மச்சான்," என்று சிரித்தார். "மூணு கேள்வி எழுதித் தாரேன், வச்சுக்க. இது ஏன் முக்கியம், உனக்கு எப்படித் தெரியும், அடுத்து என்ன செய்வ. எந்த விஷயத்துக்கும் கேக்கலாம். என் மருமகனையே இந்த மூணும் கேட்டுத்தான் பொண்ணு கொடுத்தேன்லா."

ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில், ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார்.

மதியம் தொடங்கும் மாலைப் பள்ளி ஆறரைக்கு விடும். ஐந்து மணிக்கே பள்ளிக்கு எதிரே மரத்தடியில் வேனை நிறுத்தி, வீடியோவில் பேச போனை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்தேன். அவளுக்கு அங்கே காலை ஒன்பது மணி. பன்னிரண்டு நிமிடம் பேசினாள். நான் விடாமல் தலையாட்டினேன். முடிந்ததும் தாளைப் பார்த்து மூன்று கேள்வியையும் கேட்டேன். பதில் சொன்னாள். "வெரி குட்" என்றேன்.

"சரி, நான் என்ன சொன்னேன், சொல்லுங்க."

"ஆறு..."

"ஆத்துல என்ன?"

"தண்ணி."

போனை வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை அதைவிட மோசம். பாதியில் நிறுத்தி என் முகத்தையே பார்த்தாள்.

"அப்பா, இப்ப என்ன சொன்னேன் தெரியுமா? பீடோர் ஆத்துல திமிங்கலம் இருக்கு, எங்கப்பா அதுல ஏறித்தான் புள்ளைங்கள ஸ்கூலுக்கு ஏத்திட்டுப் போறாருன்னு சொன்னேன். நீங்க தலையாட்டுறீங்க. சிரிக்க வேற செய்றீங்க."

என் காது சூடேறிவிட்டது. பெற்ற பிள்ளை இப்படிச் சோதித்துப் பார்ப்பதா? கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். "நீ மட்டும் என்ன கிழிச்ச? அந்த வாத்தியாருக்கு நீ தலையாட்டலியா? யெஸ் யெஸ்ஸுன்னு பல்லக் காட்டலியா?"

திரை கருப்பானது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பிடித்துக்கொண்டாள். அதற்குள் மகள் அவளிடம் அழுதிருக்கிறாள். "புள்ள அங்க ஒத்தையில கெடந்து தவிக்குது, நீங்க சண்டை போட்டுட்டு வாரீங்க. அது யாரப் பாத்துத் தலையாட்டக் கத்துக்கிச்சு? என்னையப் பாத்தா?"

நான் சாப்பாட்டுத் தட்டை இழுத்துக்கொண்டேன். சிலிம் ரிவர் பக்கத்து எஸ்டேட்டில் என் அப்பா ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எஸ்டேட் மேனேஜரான தொரை ஆங்கிலத்தில் ஏதாவது சொல்வார். அவர் வெள்ளைக்காரர்கூட இல்லை, நம் நாட்டு ஆள்தான். கணக்கெழுதும் கிராணி அதைத் தமிழில் திருப்பிச் சொல்வதற்குள் என் அப்பா தலையாட்டி முடித்திருப்பார். சரி என்று சொல்லிவிட்டால் எதிரே நிற்பவர் சீக்கிரம் போய்விடுவார். எஸ்டேட் போய் அங்கே இப்போது வீடமைப்புக் குடியிருப்பு வந்துவிட்டது. பழக்கத்தை மட்டும் நான் இப்போது குடியிருக்கும் செமோர் வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். எனக்கு அதற்கு மூன்று சொல் போதும். ஓகே, கேன், நோ பிராப்ளம். எங்கள் ஊரில் கேன் என்றால் முடியும், ஆகட்டும் என்று அர்த்தம். என் வேனில் வரும் ஒரு மாணவியின் தாயார் ஆங்கிலத்தில்தான் பேசுவார். போன வருடம் அவர் போனில் ஏதோ சொன்னதற்கு "ஓகே, கேன்" சொல்லிவிட்டு, ஊருக்குப் போய்விட்ட பிள்ளைக்காக மூன்று நாள் அவர்கள் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தேன்.

புதன்கிழமை மகள் கூப்பிடமாட்டாள் என்று நினைத்தேன். ஐந்து மணிக்கு முகத்தை உப்பி வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஆரம்பிக்கவா?"

"ஆரம்பி. புரியலன்னா நிறுத்துவேன். கோவிச்சுக்கக்கூடாது."

முதல் வாக்கியத்திலேயே கையைத் தூக்கினேன். "ஸ்டாப். நாட் அண்டர்ஸ்டேண்ட்." அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. பெற்ற மகளிடம்தான் சொல்கிறேன், அப்போதும் முதுகில் வேர்த்தது. அவள் மறுபடி சொன்னாள். ஸ்டாப். இன்னொரு விதமாகச் சொன்னாள். அப்போதும் புரியவில்லை. முதல் பக்கத்திலேயே பதினொரு தடவை நிறுத்தினேன்.

"வேணும்னே செய்றீங்களாப்பா?"

"புரியலங்கிறேன். புரியாம எப்படி விடுறது? தலையாட்டவா?"

"இதுக்கு மேல எப்படிப்பா சின்னதா சொல்றது?"

"அது உன் வேலை. எனக்கா பரீட்சை?"

இருவரும் கத்திக்கொண்டிருந்தோம். வேன் உள்ளே அடுப்பு மாதிரி கொதித்தது. பள்ளிக் காவலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் போகப்போக அவளுடைய வாக்கியங்கள் குட்டையாயின. ஏதோ ஒரு தொழிற்சாலை, அதிலிருந்து வரும் கழிவு, அதைத் தின்னும் ஒரு வகைக் கிருமி என்ற அளவுக்கு நான் பிடித்துக்கொண்டேன். அந்தக் கிருமி பிறகு எங்கே போகும் என்று நானாகவே கேட்டேன். அது தாளில் இல்லாத கேள்வி. என் ஆங்கிலம் எப்படி இருந்ததோ, அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். ஆறேகாலுக்குப் பாதிகூட முடியவில்லை.

"போதும்ப்பா. தலை வலிக்குது."

"எனக்கும்தான்."

நல்லபடியாகப் போய் வா என்றுகூட நான் சொல்லவில்லை. மீதிப் பாதி என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிள்ளைகளை இறக்கிவிட்டு வரும் வழியில் அந்த மாணவியின் தாயார் போன் செய்தார். வேகமாக, சிரித்துச் சிரித்து, நீளமாக ஏதோ சொன்னார். நாளை என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. ஒரு மணி நேரமாக மகளிடம் கத்திக் கத்திச் சொன்ன அதே இரண்டு வார்த்தை என் நாக்கு நுனியில்தான் இருந்தது. "ஓகே, கேன், நோ பிராப்ளம்" என்றேன். போனை வைத்த பிறகு வேனை ஓரமாக நிறுத்தி ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு அடி அடித்தேன்.

மறுநாள் எங்கள் நேரம் ஆறு மணிக்கு மகள் வகுப்பில் பேசினாள். கேள்வி புரியாதபோது இரண்டு தடவை நிறுத்தித் திரும்பச் சொல்லச் சொன்னாளாம், பாஸ் போட்டுவிட்டார்கள் என்று ஏழு மணிக்குச் செய்தி அனுப்பினாள். அதைப் படித்தபோது, மதியம் வேனில் ஏறாத அந்த மாணவி தாயாரோடு காரில் வந்திருப்பாள் என்று நான் இன்னும் பள்ளி வாசலில் காத்து நின்றிருந்தேன். அவள் அன்றைக்குப் பள்ளிக்கே வரவில்லை.