நேற்றைக்குப் போய் இறங்கிய துவாயினே

துவாயினேவும் தமருவாவும் இரட்டைப் பிள்ளைகள். தமருவா பத்து நிமிடம் முந்திப் பிறந்துவிட்டான். அந்தப் பத்து நிமிடத்தை வைத்துக்கொண்டே விவரம் தெரிந்த நாள் முதல் அவளை ஏவினான். அவள் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குப் போய்ச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், சொந்தத் தீவான ரரோதோங்காவிலிருந்து போன் போட்டு, "அண்ணன் சொல்றேன், கேளு" என்றுதான் ஆரம்பிப்பான்.

நேரில் போய்ச் சண்டை போடலாமென்றால் நடுவே மூவாயிரம் கிலோமீட்டர் கடல். இருபத்துநாலு வயதில் அதைக் கடந்து வந்தபோது, விமானம் மேகத்துக்குள் ஆளை முறத்தில் போட்டுப் புடைத்தெடுத்தது. "இனி இதுல கால் வைக்க மாட்டேன்" என்று இறங்கியவள், இருபத்தாறு வருஷம் வைக்கவேயில்லை.

ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் இருக்கையில், கூட வேலை பார்க்கும் லோசா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க ஊருக்கு எவ்வளவு நேரம் பறக்கணும்?"

"நாலு மணி நேரம்."

"ரெண்டு நாள் வேலைக்கு வந்துபோக நீ பஸ்ஸுல உட்கார்ற நேரம். அதுக்கா இத்தனை வருஷம் பயந்து செத்த?"

துவாயினேவுக்குச் சுருக்கென்றது. அன்றே டிக்கெட் எடுத்துவிட்டாள்.

பிறந்தநாள் சனிக்கிழமை. விடியற்காலையில் தோழிகள் கேக் வெட்டி, கழுத்தில் மாலை போட்டு விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஒன்பது மணிக்கு விமானம் கிளம்பியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"மாலையெல்லாம் போட்டிருக்கீங்க, என்ன விசேஷம்மா?" என்றாள் பணிப்பெண்.

"இன்னிக்கு எனக்கு ஐம்பது."

"கொடுத்து வச்சவங்க. இறங்குறப்ப அங்க வெள்ளிக்கிழமைதான். நாளைக்கு இன்னொரு தடவை கொண்டாடலாம்."

நடுவே தேதிக்கோடு ஓடுவதால் அங்கே ஒரு நாள் பின்தங்கியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் அதன் அருமை அப்போதுதான் மண்டையில் ஏறியது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விமானம் இரண்டு முறை குலுங்கியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, நரைத்த தலையும் பூமாலையுமாகத் தமருவா விமான நிலைய வாசலில் நின்றான்.

"வாடி தங்கச்சி."

"யாருடா தங்கச்சி? உனக்கு என்ன வயசு?"

"நாளைக்கு ஐம்பது. உனக்குந்தான்."

"எனக்கு இன்னிக்குக் காலையிலேயே ஐம்பது வந்து, கேக்கும் வெட்டியாச்சு. நீ இன்னும் நாப்பத்தொன்பது. அக்கான்னு கூப்பிட்டுப் பெட்டியத் தூக்கு."

தமருவா விரல் விட்டு எண்ணினான். திருப்பி எண்ணினான். சுற்றி நின்ற ஓட்டுநர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "சரிக்கா" என்று பெட்டியைத் தூக்கியவனை அவள் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். இருவருக்கும் கண்ணில் நீர் வழிய, சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

மறுவருஷம் பழிவாங்கப் பிறந்தநாளுக்கு முந்தின நாள் பிற்பகல் அவன் ஆக்லாந்துக்கு விமானம் ஏறினான். அதே நாலு மணி நேரந்தான். இறங்கியபோது பிறந்தநாளே சாயங்காலமாகியிருந்தது.

"முக்கால் நாளைக் கடல்ல போட்டுட்டு வந்திருக்கியே, தம்பி" என்று துவாயினே மிச்சமிருந்த ஒரு துண்டு கேக்கை அவன் வாயில் ஊட்டினாள்.