மீட்டரைப் பார்த்து எண்ணியவர்

போன வாரம் என் அண்ணி அம்சவேணியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வந்தவர்கள் அவருடைய பொறுமையைப் புகழ்ந்தார்கள். பொறுமை அவரிடம் அவ்வளவாகக் கிடையாது. இருந்தது வேறு.

1972இல் பிள்ளையார்பாளையத்தில் குமாரசாமி முதலியார் வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். வீடு முழுவதற்கும் ஒரே மீட்டர். பில் வந்தால் முதலியார் விளக்குகளை எண்ணிப் பங்கு பிரிப்பார். எங்கள் தறிக்கு மேலே நூறு வாட் பல்பு இரண்டு. பங்கு ஏறிக்கொண்டே போகவே, இனி இருட்டியபின் நெய்ய வேண்டாம் என்றார் அண்ணன் ஆதிகேசவன். அந்த நெசவில்தான் என் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிக்கொண்டிருந்தோம்.

அண்ணி சீட்டுப் பணத்தை எடுத்து, பல்புகளைக் கழற்றிவிட்டு நாற்பது வாட் டியூப் லைட் ஒன்று போட்டார். மறுநாளே முதலியார் வந்து நின்றார்.

“ஏம்மா, கல்யாண மண்டபமாட்டம் எரியுது. இதுக்கு நாலு விளக்குக் கணக்கு. இல்லன்னா கழட்டிடு.”

“வெளிச்சம் கூடன்னா கரெண்டும் கூடவா மாமா?”

“பின்ன, வெளிச்சம் என்ன வானத்துலேர்ந்தா வருது?”

“அமாவாசைக்குத் தறி நிக்கும். அன்னிக்கு வாங்க. வூட்ல எல்லாத்தையும் அணைச்சிட்டு மீட்டரைப் பாப்போம்.”

அண்ணி ராட்டினத்தில் நூல் சுற்ற உட்காரும் இடம் மீட்டருக்கு நேர் எதிரே. கை சுற்றிக்கொண்டிருக்கும், கண் மீட்டருக்குள் ஓடும் சக்கரத்தின் சிவப்புப் புள்ளியில் இருக்கும். டியூப் லைட் எரிந்த முதல் நாளே சக்கரம் மெதுவாக ஓடுவதை அவர் பார்த்துவிட்டார்.

அமாவாசை காலையில் முன்கட்டு ரேடியோவும் நின்றது. பழைய பல்புகளை மாட்டி எரியவிட்டோம். முதலியாரின் கைக்கடிகாரத்தில் ஐந்து நிமிடம். சிவப்புப் புள்ளி பத்துத் தடவை வந்தது. அடுத்து டியூப் லைட். முதலியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அண்ணாந்து நின்றார். ஒன்று. வெகுநேரம் கழித்து இரண்டு. மூன்றாவது வருமுன் ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது.

“மீட்டர் நின்னுட்ச்சாம்மா?”

“ஓடிக்கினுதான் இருக்குது மாமா. எம்மேல நம்பிக்கை இல்லன்னா உங்க மருமவளை வந்து எண்ணச் சொல்லுங்க.”

“வுடு அம்சா” என்றார் அண்ணன். அண்ணி விடவில்லை.

“அரை விளக்குக் கணக்குதான் வருது. நான் ஒண்ணாவே குடுக்கறேன். நாலு கேட்டா நாயமா?”

முதலியார் கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார். அது ஓடிக்கொண்டிருந்தது. “சரி, ஒண்ணு. தெருவுல போய்ச் சொல்லிக்கினு இருக்காதே.”

“நான் ஏன் சொல்றேன்? உங்க வூட்டுக்கும் ஒண்ணு வாங்கி மாட்டுங்க, அதுவே சொல்லும்.”

அன்றிலிருந்து அண்ணன் இரவு ஒன்பது மணிவரை நெய்தார். ஜூன் மாதம் கல்லூரியில் சம்பளம் கட்டிவிட்டு ரசீதை அண்ணியிடம் நீட்டினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தார்.

“தேதி தப்பா போட்டுக்கீறான். போய் மாத்திக்கினு வா” என்றார்.