எதாலும் வகுபடாத ஒரு லட்சத்து ஒன்று

மற்றவர்கள் தப்பை மூலையில் உட்கார்ந்து செய்யலாம், கணக்கு டியூஷன் எடுப்பவர்கள் போர்டில் பெரிதாக எழுதித்தான் செய்ய வேண்டும். இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

மாதிரி வகுப்பு

அஸ்தம்பட்டியில் ஒரு டியூஷன் சென்டரில் சேர்ந்த புதிது. பெற்றோர் முன்னால் மாதிரி வகுப்பு. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாததுதான் பகா எண் என்று சொல்லி, 1,00,001 என்று எழுதினேன். இரண்டால் போகாது. மூன்றால் போகாது. ஐந்தும் இல்லை. ஏழால் வகுத்தால் ஆறு மீதி. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்த ஜோரில், "ஆகவே இது பகா எண்" என்று முடித்துவிட்டேன். கைதட்டினார்கள்.

மறுவாரம் வாசலில் பேனர். '1,00,001: எதாலும் வகுக்க முடியாத எண்! உங்கள் பிள்ளையும் அப்படித்தான்!' பக்கத்தில் என் படம். சென்டர் ஓனர் அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "உங்க போட்டோ கொஞ்சம் கருப்பா உழுந்துருச்சுங்க மேடம், ஆனா நம்பரு பளிச்சுன்னு இருக்குதுங்க."

டஸ்டர்

எட்டாம் வகுப்புக்குப் பதினொன்றின் விதி. இலக்கங்களை ஒன்று விட்டு ஒன்று கூட்ட வேண்டும். இரண்டு கூட்டலும் சமமாக வந்தால் பதினொன்றால் போகும். "பேனர் நம்பருக்குப் போடலாமா மிஸ்?" என்றான் ஒருவன். போட்டேன். இந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கமும் ஒன்று. காது சூடாகிவிட்டது. டஸ்டரைக்கூடத் தேடாமல் கையாலேயே அழித்தேன். முன் பெஞ்சிலிருந்து குரல் வந்தது: "மிஸ், நாங்க இன்னும் எழுதலையே!"

ஓனர்

நேராக ஓனரிடம் போய், பதினொன்றை 9091-ஆல் பெருக்கினால் இந்த எண் வந்துவிடுகிறது, பேனரை இறக்கிவிடலாம் என்றேன். அட்மிஷன் நேரம் வேறு. அவர் சொன்ன பதிலுக்கு நானும் தலையாட்டிவிட்டு வந்ததை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது: "பதினொண்ணாலதானுங்க மேடம் போகுது? ரெண்டால போனாத்தான் நாலு பேருக்குத் தெரியும், உடுங்க."

தாரணி

அந்த வாரமே நாமகிரிப்பேட்டையிலிருந்து மஞ்சள் விவசாயி ஒருவர் மகள் தாரணியைச் சேர்க்க வந்தார். ஏற்கெனவே ஒருமுறை வந்து பேனரைப் பார்த்துவிட்டுப் போனவர்கள்.

"இவளுக்கு வகுத்தலே வரமாட்டீங்குதுங்க மேடம். பேனரு நம்பரு வகுபடாதுன்னு நீங்களே எழுதிப் போட்டிருக்கறீங்க. இவ என்னடான்னா, மீதியில்லாம வகுத்துப்போட்டு வந்து நிக்கறா."

தாரணி தலை நிமிரவில்லை. "பதினொண்ணால திரும்பத் திரும்பப் போட்டுட்டேன் மிஸ். மீதியே வரல. எனக்குக் கணக்கு வராது மிஸ்."

பக்கத்து நாற்காலியில் ஓனர். எழுந்து நின்று, "நீ போட்டதுதான் சரி. தப்பு என்னுது, பேனர்ல இருக்கறது பொய்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால் இன்னொரு முறை சொல்ல வேண்டியதாயிற்று. அவள் நம்பாமல் அப்பாவைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்க்காமல் அவளிடமே திரும்பி, தலையில் கை வைத்துச் சொன்னார்: "அடச் சாமி, ஊட்டுல எல்லாருஞ் சேந்து உன்னயத் திட்டிப்போட்டமே!"

பேனரை அன்றைக்கே அவிழ்த்துவிட்டேன், தாரணியும் சேர்ந்துவிட்டாள். ஆனால் பதினேழு பகா எண்ணா என்று யாராவது கேட்டால்கூட, "நாளைக்குச் சொல்றேன்" என்றுதான் என் வாயில் வருகிறது.