வாசல் மிதிக்காமல் வாங்கிய வீடு

புந்தோங்கில் ஒரு வீடு கடனுக்காகக் கோர்ட்டு ஏலத்துக்கு வந்தது. வாங்கி வாடகைக்கு விட்டால் லாபம் என்று ஆசைப்பட்டேன். உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று தரகனிடம் கேட்டேன்.

"வீடு பறிபோறவங்க வாசலை மிதிக்காதீங்கண்ணே. அவங்க வயித்தெரிச்சல் நம்மளப் புடிச்சிக்கும்" என்றான் அந்தப் பாவி. நம் ஆட்களில் யார்தான் அதற்குப் பயப்படாதவர்? தெருவில் நின்றே பார்த்தேன். புதுச் சுண்ணாம்பு அடித்த முகப்பு, நல்ல தேக்குக் கதவு. ஏலத்தில் எனக்கு எதிராக ஒருவரும் கேட்கவில்லை. அதை அதிர்ஷ்டம் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் உள்ளே நுழைந்தேன். கூடத்தைத் தாண்டினால் சமையலறை இல்லை, வானம் தெரிந்தது. பின்னால் ஈயம் தோண்டிய பள்ளத்துக்குள் பாதி வீடு சரிந்து கிடந்தது.

கூடத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மாளிடம் கத்தினேன். "ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வாசல்ல வந்து நின்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். வீட்ட எடுக்கப் பயமில்ல, எங்க மூஞ்சியப் பாக்கத்தான் பயமா?"

இப்போது எந்த ஏல வீடானாலும் முதலில் போய்க் கதவைத் தட்டுகிறேன். வாய்க்கு வந்தபடி திட்டுகிறார்கள். திட்டி முடித்ததும் அவர்களே பின்கட்டைக் காட்டுகிறார்கள்.